பழைய மென்பொருள் சேமிக்கும் கணக்கு எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பில்லிங் மென்பொருள்களைப் புதிய கணினிக்கு மாற்றுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மென்பொருள்கள் நிறுவப்படும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் உள்ளதை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் போதும் என்றும், சேமிப்பதில் தகராறு வந்தால் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, அதாவது நிர்வாகி உரிமையுடன், திறக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. இந்த இரண்டையும் நம்பிச் செய்பவர் தம் கணக்குகளையே இழக்க நேரிடும் என்பதை, நேரில் பட்டவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

என் தம்பி இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். 2003-இல் உள்ளூர்க்காரர் ஒருவர் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் இன்றும் பில் போடுகிறான். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது விண்டோஸ் 7 கணினிக்கு மாறினான். சென்ற ஆண்டு அதையும் மாற்றினான். சர்வீஸ் பார்க்க வந்தவர் மென்பொருளின் கோப்புறையை முழுதாக நகலெடுத்துப் புதிய கணினியில் போட்டுத் திறந்தபோது, கடைசி பில்லின் தேதி 2014 மே மாதத்தில் நின்றது. அதற்குப் பிந்தைய பற்று வரவும் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும் அறவே இல்லை. தம்பியின் முகம் வெளிறிப் போனது. பழைய கணினியில் திறந்தாலோ முந்தின நாள் இரவு போட்ட பில் வரை எல்லாம் இருக்கிறது; ஆனால் அதே கணினியில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருக்கும் தரவுக் கோப்பின் தேதி 2014 என்றே காட்டுகிறது.

காரணம் இதுதான். விண்டோஸ் 95, 98 காலத்தில் கோப்புகளுக்கு அனுமதிக் கட்டுப்பாடே கிடையாது. எக்ஸ்பியில் கட்டுப்பாடு இருந்தும் வீட்டிலும் கடையிலும் பெரும்பாலோர் நிர்வாகி உரிமையுடனேயே வேலை செய்தார்கள். ஆகவே மென்பொருள் எழுதியவர்கள், நிரலும் தரவும் ஒரே கோப்புறையில் இருக்கும்படி எழுதிப் பழகிவிட்டார்கள். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாகி கணக்கில் நுழைந்தவருக்கும் சாதாரண உரிமையையே முதலில் கொடுத்ததால், அத்தகைய மென்பொருள்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே எழுத முடியாமல் நின்றுபோக வேண்டிய நிலை ஏற்பட்டது. அதைத் தவிர்க்க மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு செய்தது. இப்படிக் காப்புள்ள கோப்புறையில் பழைய 32-பிட் மென்பொருள் எழுத முயன்றால், கோப்பின் நகல் ஒன்று அந்தப் பயனரின் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’ கோப்புறைகளுக்குள் இருக்கும் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்தில் உருவாகி, எழுதுவதெல்லாம் அதில் சேரும். படிக்கும்போதும் அந்த நகலே முதலில் பார்க்கப்படும். தன் இடத்திலேயே எழுதுவதாக மென்பொருள் எண்ணிக்கொண்டிருக்கும். எந்த அறிவிப்பும் வராது. ‘ஆப்டேட்டா’ மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் சாதாரணமாகத் தேடினாலும் கண்ணில் படாது. எங்கள் கணக்குகள் அங்கேதான், அதே பெயரில், முந்தின நாள் தேதியுடன் இருந்தன. பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இப்போது தங்கள் கட்டுரையின் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். நிர்வாகி உரிமையுடன் திறக்கும் மென்பொருளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அது நேரே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருக்கும் பழைய கோப்பைத் திறந்து அதிலேயே எழுதும். ஒரு நாள் சாதாரணமாகவும் மறுநாள் நிர்வாகியாகவும் திறந்தால் ஒரே கடைக்கு இரண்டு பேரேடுகள் ஆகிவிடும். கடைப் பையன் தனக்கென ஒரு பயனர் கணக்கில் நுழைந்து பில் போட்டால் மூன்றாவது பேரேடும் உண்டாகும், ஏனெனில் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ பயனருக்கு ஒன்று. இப்படிப் பிரிந்த கணக்குகளைப் பின்னர் ஒன்றுசேர்ப்பது எத்தனை கடினம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

ஏற்பாடு தவறென்று நான் சொல்லவில்லை. அது இல்லாதிருந்தால் தம்பியின் மென்பொருள் அன்றே நின்றிருக்கும். சொல்லாமல் செய்ததே குறை. விஸ்டாவிலும் 7-இலும் கோப்புறைச் சாளரத்தின் மேலே இதற்கென ஒரு பொத்தான் தோன்றும் என்றாலும், அதன் பொருள் எத்தனை கடைக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்? இது தற்காலிக ஏற்பாடு என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருந்தும், விண்டோஸ் 11 வரை தொடர்கிறது.

எங்கள் மென்பொருளை இப்போது ‘டி’ டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்து, அங்கே எழுதும் அனுமதியைச் சாதாரணப் பயனருக்கே கொடுத்திருக்கிறோம். நிர்வாகி உரிமை தேவைப்படவில்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்து பலர் கணினி மாற்றும் வேளை இது. பழைய கணினியை அழிப்பதற்கு முன் ஒவ்வொரு பயனரின் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ கோப்புறையையும் திறந்து தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி, அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.