ஆழப் பகுதிக்குக் கேமரா: நீச்சல் குளக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் வணக்கம்.

நம் குளத்தின் ஆழப் பகுதியில், யாராவது மூழ்கினால் தானாகவே கண்டுபிடித்து அலாரம் அடிக்கும் கேமராக்களைத் தண்ணீருக்கடியில் பொருத்துவது என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பராமரிப்பு நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கியாயிற்று. மீதிக்கு உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

"லைஃப்கார்டு இருக்கும்போது கேமரா எதற்கு?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் அவருக்குக் கத்த மூச்சு இருக்காது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சை இழுக்கவே போதாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும்; உதவி கேட்டு ஆட்ட வராது. உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா, மீட்புக் காட்சிகளைப் படமெடுத்து ஆராய்ந்து இதை விவரித்தார். அவர் கணக்குப்படி இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிகள்தான் நீடிக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, பிள்ளை தண்ணீரில் நின்று விளையாடுவது போலத் தோன்றும்.

அந்தப் போராட்டம்கூட இல்லாமல் மூழ்குபவர்களும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள், "ஒரே மூச்சில் மறுகரை வரை போகிறேன் பார்" என்று வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். அப்படிச் செய்வதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலைத் தருவது அதுதான். உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடும். ஒரு குமிழிகூடக் காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

சரி, லைஃப்கார்டு கண்ணில் இது படாதா? பல சமயம் படும். ஆனால் மனிதக் கவனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ரேடார் திரையைக் கண்காணிப்பவர்கள் ஏன் கோட்டைவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்குவதை 1948இல் வெளியிட்டார். குளத்திலேயே நடந்த சோதனையும் உண்டு. 2001இல், லைஃப்கார்டுகளுக்குப் பயிற்சி தரும் ஜெஃப் எல்லிஸ் நிறுவனம் அமெரிக்கக் குளங்களில் 500க்கும் மேற்பட்ட முறை மனித உருவப் பொம்மைகளை மூழ்கவைத்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற லைஃப்கார்டுகளுக்கே பொம்மையைக் கவனிக்கச் சராசரியாக 1 நிமிடம் 14 நொடி ஆனது. மூளைக்கு ஆக்சிஜன் நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களிலேயே நிரந்தரச் சேதம் தொடங்கிவிடலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதில் லைஃப்கார்டுகள் குற்றம் ஒன்றும் இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள், வெயில் சாய்ந்த பிறகு நம் குளத்து லைஃப்கார்டு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலடியில் இருக்கும் ஓடுகளின் இடுக்கு வரை தெளிவாகத் தெரியும். பார்வை எதிர்க்கரைப் பக்கம் போகப் போகத் தண்ணீர் வெள்ளித் தகடாகிவிடும். சாய்வாகப் பார்க்கும்போது நீர்ப்பரப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புவதால் வரும் வினை அது. குழுவினர் நாங்கள் பயிற்சிப் பொம்மையை ஆழப் பகுதியில் இறக்கிவிட்டு நாற்காலியிலிருந்து பார்த்தோம். தரை ஓடுகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. மேலே நான்கைந்து பேர் நீந்தி அலை கிளப்பியதும் அதுவும் மறைந்துவிட்டது. அங்கே பொம்மை கிடக்கிறது என்று தெரிந்தே தேடிய எங்களுக்கு அந்தக் கதி.

கேமரா தண்ணீருக்குள்ளேயே இருந்தால் இந்தக் கூசல் பெருமளவு குறைந்துவிடும். சுவரில் பதித்த கேமராக்கள் குளத்தை அடியிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும். ஒன்றின் பார்வையை ஒருவர் மறைத்தால் இன்னொன்று பார்க்கும்படி கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கணினி ஒவ்வோர் உருவத்தையும் தொடர்ந்து கவனித்து, ஓர் உடல் அடியில் அசையாமல் சில நொடிகள் கிடந்தால் லைஃப்கார்டு மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு அலாரம் அனுப்பும். எந்த இடம் என்பதைத் திரையில் குளத்தின் வரைபடமாகவே காட்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பொசைடன் என்ற இத்தகைய கேமரா அமைப்பு பிரான்சில் உருவாகி 1990களின் இறுதியிலேயே குளங்களுக்கு வந்துவிட்டது. 2000இல் பிரான்சின் ஆன்ஸ்னி ஊர்க் குளத்தில் மூச்சடக்கி நீந்திய 18 வயது இளைஞர் நினைவிழந்து மூழ்கியபோது அலாரம் அடித்தது, பிழைத்தார். 2005இல் வேல்ஸின் பேங்கரில், ஆழப் பகுதியின் தரைக்குப் போய்விட்ட 10 வயதுச் சிறுமியும் அப்படித்தான் மீட்கப்பட்டாள். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கென்றே 2017இல் ஐஎஸ்ஓ 20380 என்ற சர்வதேசத் தரநிலையும் வந்தது. அதன்படி சோதிக்கப்படாத எதையும் வாங்குவதில்லை என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

அந்த இரண்டு இடங்களிலும் தண்ணீருக்குள் குதித்தது ஒரு மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது. கேமரா யாரையும் தூக்கிவராது. அதனால் லைஃப்கார்டு எண்ணிக்கையைக் குறைத்து இந்தச் செலவை ஈடுகட்டலாம் என்று வந்த யோசனையை ஏற்கவில்லை. இனியும் ஏற்க மாட்டோம். திரட்டும் நிதியில் ஒரு பகுதி பயிற்சிக்கே போகும்: அலாரம் அடித்த நொடியிலிருந்து ஆளை வெளியே எடுத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடரவைக்கும் முதலுதவி) தொடங்குவது வரை. மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. இதை வெறும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. தண்ணீரில் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும்.

முழுக் குளத்துக்கும் ஏன் பொருத்தவில்லை என்ற கேள்வியும் வந்தது. நிதி அவ்வளவு இல்லை. ஒப்புக்காக நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கேமரா மாட்டுவதைவிட, நாற்காலியிலிருந்து மிக மோசமாகத் தெரியும் பகுதியை உருப்படியாக மூடுவது மேல். குழந்தைகள் விளையாடும் ஆழமில்லாத பகுதியில் இந்தத் தொழில்நுட்பம் திணறவும் செய்யும். அங்கே எந்நேரமும் கூட்டமும் நுரையும்தான். அந்தப் பக்கத்துக்குப் பெற்றோரின் கண்தான் காவல், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். போன் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளையைக் கரையேற்றிவிட்டுப் பாருங்கள்.

பொய் அலாரமும் வரும். யார் அதிக நேரம் தரையில் உட்காருவது என்று பந்தயம் கட்டும் வாண்டுகள் இருக்கும்வரை அதைத் தவிர்க்க முடியாது. அடிக்கடி வந்தால் லைஃப்கார்டுகள் அதைச் சட்டைசெய்யாமல் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே ஒவ்வோர் அலாரத்தையும் பதிவேட்டில் எழுதி, மாதம் ஒருமுறை பொம்மையை இறக்கிச் சோதிப்போம். தண்ணீர் கலங்கினால் கேமராவும் குருடுதான் என்பதால், பழைய வடிகட்டியைப் பழுதுபார்க்கும் செலவையும் இதிலேயே சேர்த்திருக்கிறோம்.

குறிப்பாகப் பெண்கள் எழுப்பிய கவலைக்குப் பதில்: உடை மாற்றும் அறை, குளியலறை எதன் பக்கத்திலும் கேமரா வராது. படங்கள் குளத்து அறையிலுள்ள கணினியை விட்டு இணையத்துக்குப் போகாது. அலாரம் அடித்த சமயத்துக் காட்சி மட்டும் குறிப்பிட்ட காலம் வரை இருக்கும், பிறகு அழிந்துவிடும். அதைப் பார்க்க இரண்டு குழு உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும். விற்பனையாளருடன் போடும் ஒப்பந்தத்திலும் இது எழுதப்படும்.

சிறு தொகையானாலும் தயங்காமல் கொடுங்கள். பொருளாளரிடம் நேரில் தரலாம். வங்கிக் கணக்கு விவரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. எதற்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வந்த விலைப்புள்ளிகளை அலுவலகத்தில் யாரும் புரட்டிப் பார்க்கலாம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் தர இயலாதவர்கள், மின்வேலை தெரிந்திருந்தால், பதிக்கும் நாட்களில் உடனிருந்து மேற்பார்வை பார்த்தால் பெரிய உதவி.

கேமரா பதிக்கக் குளத்து நீரை வடிக்க வேண்டும். வருடாந்தரச் சுத்தத்துக்காக எப்படியும் அடுத்த மாதம் வடிக்கப்போகிறோம். அந்த நாட்களிலேயே வேலையை முடித்துவிட்டால் இன்னொரு முறை வடித்து நிரப்பும் செலவு மிச்சம். அதனால் இந்த மாதக் கடைசிக்குள் நன்கொடை வந்து சேர வேண்டும். போதிய தொகை சேராவிட்டால் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அப்போது பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்கு அப்படியே கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
நீச்சல் குளப் பாதுகாப்புக் குழு