முதுகு ஆபரேஷனோடு விளையாட்டு முடிந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் எங்கள் சத்துவாச்சாரி. இங்கே ஒரு பையனுக்கு முதுகில் ஆபரேஷன் என்றால், 'இனிமேல் எடை பக்கமே போகாதே' என்று சுற்றியிருப்பவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். கிரிக்கெட் வீரர் பும்ரா 2023 மார்ச்சில் முதுகு ஆபரேஷன் செய்துகொண்டு ஆகஸ்டிலேயே பந்து வீச வந்துவிட்டார், சரி, அவருக்குக் கூடவே பிசியோதெரபிஸ்ட் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு? எப்போது நடை, எப்போது வயிறு இடுப்புத் தசைப் பயிற்சி, அப்புறம் எப்போது எடை மாட்டாத வெறும் கம்பியைத் தூக்குவது என்று படிப்படியாகச் சொல்ல ஆளில்லாமல், வலி குறைந்ததும் ஒருவன் நேரே பழைய எடைக்குப் போகிறான், இன்னொருவன் குனியவே பயப்படுகிறான். இரண்டுமே கெடுதல். வாரம் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவரை விளையாட்டுத் துறை இங்கே அனுப்ப வேண்டும்.

– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்