அலங்காரத்தம்மாள் வருவதற்கு முன்பே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலைப் பற்றி உங்கள் இதழில் வந்த கடிதங்களைப் படித்தோம். தாய்மையையே கொச்சைப்படுத்திவிட்டார் என்று பாதிப் பேர்; பெண் விடுதலைக்குக் கொடி பிடித்த நாவல் என்று மீதிப் பேர். 1966இல் வெளிவந்த புத்தகம் இன்னும் இப்படி அடித்துக்கொள்ள வைக்கிறதே என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் இரு தரப்பாரும் நாவலின் நாயகன் அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாளைக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். ஒருவர் தண்டனை கேட்கிறார், மற்றவர் விடுதலை கேட்கிறார். கூண்டு யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அதைப் போட்டவள் இந்து. புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களைத் திரும்பப் பாருங்கள். காவிரிக் கரை வேதபாடசாலையில் பதினாறு வருஷப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்ப நிற்கிறான் அப்பு. கணவனை இழந்து பாடசாலைக்கே திரும்பி வந்திருக்கும் இந்து தன் ஆசையை அவனிடம் சொல்கிறாள். அவன் தன் அம்மாவின் பெயரை எடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறான். அப்போது, ஆத்திரத்தில், அவன் அம்மாவுக்கு வேறொருவரோடு உறவு இருக்கிறது என்ற சொல் அவள் வாயிலிருந்து விழுந்துவிடுகிறது. அலங்காரம் நேரில் வர இன்னும் எத்தனையோ பக்கம் இருக்கிறது. வாசகர் சென்னை வீட்டுக்குள் நுழையும்போதே சந்தேகத்தோடு நுழைகிறார், அப்புவும் அப்படித்தான். அதன் பிறகு அந்த வேறொருவரான சிவசு வீட்டுக்குள் வந்து போவது, கடைசிப் பிள்ளைகளின் சாயல், கணவர் தண்டபாணி மாடியிலேயே ஒதுங்கிக் கிடப்பது எல்லாமே சாட்சியமாகத் தெரிகின்றன. சாட்சியம் சேர்க்கும் கண் மகனுடையது. அந்தக் கண்ணை மறந்துவிட்டு, 'ஆசிரியர் இப்படிச் சொல்கிறார்' என்று எழுதுவதில்தான் முதல் பிசகு.

'அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கடைசிவரை விளக்கவே இல்லை' என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். விளக்கவில்லை என்பது உண்மை. தண்டபாணியின் மனதுக்குள் போய் உட்கார்ந்து, மனைவியின் முன்னால் அவர் எப்படிச் சிறுத்துப்போகிறார் என்றெல்லாம் பார்த்துவிடுகிறோம். அலங்காரத்தை மட்டும் ஜானகிராமன் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் காட்டுகிறார்: நிற்பது, நடப்பது, பார்ப்பது, ஓரிரு வார்த்தை. அவளுக்கு ஒரு முன்கதை கொடுத்து, கணவனைக் கொடுமைக்காரனாக்கி, ஒரு பத்தி அழவிட்டிருந்தால் வாசகர் உடனே மன்னித்திருப்பார். புத்தகத்தையும் அந்த வருஷமே மறந்திருப்பார்.

அலங்காரத்தைத் திட்டி எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட இந்துவைத் திட்டவில்லை. சாஸ்திரக் கணக்கில் பார்த்தால் இருவரும் தாண்டியது கோட்டைத்தான். கைம்பெண்ணுக்கு மறுவாழ்வு வேண்டும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கணவன் உயிரோடு இருக்கும் தாயை இன்னும் ஏற்கவில்லை. முடிவில் அப்பு இந்துவிடம் வந்து சேர்வதை இதமான முடிவாகப் படித்துவிட்டு, அவன் அம்மாவை மட்டும் வேறு தராசில் நிறுத்துகிறோம். இந்த ஓரவஞ்சனை நாவலில் இல்லை. நம்மிடம்தான் இருக்கிறது.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலத்தின் தலைப்பில் இருப்பது வெறும் வருகை. ஆங்கிலத்தில் 1972இல் வந்த மொழிபெயர்ப்புக்கு 'அப்புவின் அம்மாவின் பாவங்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அட்டையிலேயே தீர்ப்பு. அந்தப் பதிப்பின் வழியே வந்தவர்கள் பாவத்தைத் தேடிக்கொண்டு படித்ததில் வியப்பில்லை. அலங்காரமே பாவம், பிராயச்சித்தம் என்றுதான் நினைக்கிறாள் என்று பதில் வரலாம். ஆம், அவள் நினைக்கிறாள். பாத்திரம் தன்னைப் பற்றி நினைப்பது வேறு, புத்தகம் அவள்மேல் சீட்டு ஒட்டுவது வேறு.

பிராயச்சித்தம் என்ற இடத்தில் இளைய வாசகர்கள் தடுக்கி விழுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. பதினாறு வருஷ அத்யயனம், அதாவது வேதத்தை ஓதி மனப்பாடம் செய்யும் படிப்பு, என்றால் எவ்வளவு பாரம் என்று தெரிவதில்லை. 'வேதம் படித்தான்' என்பதை ஏதோ பட்டப்படிப்பு போல எடுத்துக்கொள்கிறார்கள். சம்ஹிதை, பதம், கிரமம், ஜடை, கனம் என்ற ஓதும் முறைகளில் படிப்படியாக ஏற வேண்டும். கனத்தில் முதல் இரண்டு சொற்களை முன்னே சொல்லி, பின்னே திருப்பி, மறுபடி முன்னே சொல்லி மூன்றாவதைச் சேர்த்து, மூன்றையும் திருப்பி, மீண்டும் முன்னே சொல்ல வேண்டும்: 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. அடுத்து இரண்டாவது சொல்லிலிருந்து இதே கணக்கு. சுவடியைப் பார்க்காமல், ஸ்வரம் பிசகாமல். ஒரு சிறுவனின் மொத்த இளமையும் இதற்குப் போகும். பெற்ற மகன்களில் ஒருவனை அலங்காரம் எதற்காக இதில் கொண்டுபோய் விட்டாள், அவன் ரிஷியாகத் திரும்பினால் அவன் காலில் விழுந்து எதைக் கரைக்க நினைத்தாள் என்பது இந்தப் பாரம் தெரிந்தால்தான் உறைக்கும். கூடவே கோபமும் வரும்: தன் கணக்கைத் தீர்க்கப் பிள்ளையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாமா? அலங்காரத்தின் மீது வைக்கக்கூடிய வலுவான குற்றச்சாட்டு இதுதான். உங்கள் பக்கங்களில் இதை ஒருவரும் வைக்கவில்லை.

இந்த நாவலை எடுத்துப் பேச விரும்பும் வாசகர் வட்டங்களுக்குச் சில யோசனைகள். ஒரே கூட்டத்தில் முடிக்காதீர்கள்; மூன்றாகப் பிரியுங்கள். அப்பு ரயிலேறும் வரை ஒன்று, சென்னை வீடு ஒன்று, பாடசாலைக்குத் திரும்புவது ஒன்று. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் குரல் உயர்ந்தவர் கூட்டமாகிவிடும். முன்னுரையை மூன்றாவது கூட்டம் முடியும்வரை யாரும் தொட வேண்டாம். படித்துவிட்டு வருகிறவர் மற்றவர்களுக்குப் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுவார். அக்கிரகாரப் பேச்சும் வைதிகச் சொற்களும் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு பக்கத்தில் பத்து இருபது சொல் எழுதிக் கொடுத்தால் போதும்.

'பிடித்ததா' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அரை மணி நேரத்தில் பேச்சு அவரவர் வீட்டு ஒழுக்கத்தில் போய் நிற்கும். இரண்டாவது கூட்டத்துக்கு வரும்போது, இந்து சொன்னது உண்மைதான் என்று எந்த வரியில் நம்பினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் படியுங்கள். சிலர் வெகு சீக்கிரமே நம்பியிருப்பார்கள், சிலர் அப்புவைவிடத் தாமதமாக. எதை வைத்து நம்பினார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பேச்சு புத்தகத்தை விட்டு நகராது. தண்டபாணிக்கும் நேரம் ஒதுக்குங்கள். 'கையாலாகாதவர்' என்ற ஒற்றைச் சொல்லில் அவரைத் தள்ளிவிடுவது வழக்கம். எல்லாம் தெரிந்தும் அதே வீட்டில், அதே பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு வேதாந்தம் சொல்லிக்கொடுக்கும் மனிதரை அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது.

கடைசியாக ஒரு திருத்தம். அலங்காரம் இறந்துவிடுவதாக ஒரு கடிதத்தில் இருந்தது. அவள் பாடசாலைக்கு வந்து மகனைப் பார்க்கிறாள். பிறகு காசிக்குப் போகிறாள், அங்கேயே உயிரை விடும் எண்ணத்தோடு. சாவை நாவல் காட்டவில்லை. இந்தத் திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நூலக வாசகர் வட்டத்தார்,
கும்பகோணம்