தருமபுரி ஆட்சியருக்கு: கொடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு மேஜை போடுங்கள்

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கேட்டுத்தான் வருகிறார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வழித்தகராறு, குடிநீர். அது அவர்கள் உரிமை. ஆனால் "வாரத்தில் ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கேன், ஊருக்கு ஏதாவது செய்யலாமா?" என்று ஒருவர் வந்து நின்றால், அவரை எந்த அறைக்கு அனுப்புவீர்கள்?

நான் கேட்டுப் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில், "எந்தக் காலேஜ்?" என்றார்கள். எனக்கு வயது அறுபத்து மூன்று. இன்னோர் இடத்தில் அமைப்பின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். நான் மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தனி ஆள். எனக்கு யார் பதிவு எண் கொடுப்பார்கள்?

படிக்கிற பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. பள்ளியில் சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ், பசுமைப் படை. கல்லூரிக்குப் போனால் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம்: ரெண்டு வருடத்தில் 240 மணி நேர சேவை, ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். எங்கள் ஊருக்கும் முகாம் வந்திருக்கிறது. பிள்ளைகள் கோயில் குளத்தைச் சுத்தம் செய்தார்கள், எட்டாம் நாள் போய்விட்டார்கள். பட்டம் கையில் வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் நாற்பது வருடம், ஐம்பது வருடம் ஒரு மனுஷனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்து சேரும் பையன்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் வரை ஓய்வாக இருக்கும் பெண்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வராதவர்கள்.

வேலை இல்லாமலா போயிற்று? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையதுதான், 68.5 சதவீதம். பதினைந்து வயதைத் தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அது தன்னார்வலர்களை நம்பி நடக்கிற திட்டம். ஐம்பது வயது அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தால் கூச்சமில்லாமல் கற்றுக்கொள்வார்? புதிதாக பி.எட். முடித்த பையன் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே தெருவில், அதே வயதில், எட்டாவது வரை படித்த இன்னொரு அம்மா சொல்லிக் கொடுத்தால் திட்டிக்கொண்டே கற்றுக்கொள்வார். நேரமும் முக்கியம். பாலக்கோடு பக்கம் தக்காளி பறிப்புக்குப் போகிறவர்களை மதியம் மூன்று மணிக்கு வகுப்புக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? மாலை ஏழு மணிக்கு, ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது பெரிய விஷயம். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை தானாக போர் தண்ணீருக்குத்தான் போகிறது. நம் பக்கத்து போர் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்புக்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் அந்தக் கறையைப் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரிசோதனைப் பெட்டியை வைத்துத் தண்ணீரைச் சோதிக்கச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐந்து பேர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அவர்களோடு பிளஸ் டூவில் வேதியியல் படிக்கும் ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். மாதம் ஒரு முறை எந்த போரில் எவ்வளவு ஃபுளோரைடு என்று மேல்நிலைத் தொட்டிச் சுவரில் எழுதி வைக்கட்டும். ஒரு டப்பா பெயின்ட் செலவுதான்.

அப்புறம் மனு. ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்குகிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பென்னாகரத்திலிருந்தோ சித்தேரியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிற பாட்டிக்கு அதுவும் ஒரு சுமை. இந்த மாவட்டத்தில் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்களும் தாலுகா அலுவலக எழுத்தர்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர்! எந்த மனு எந்தத் துறைக்குப் போகவேண்டும், எந்த நகலை இணைக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். திங்கட்கிழமைகளில் அவர்களுக்கு ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போடுங்கள். இலவசமாக எழுதிக் கொடுக்கட்டும். உதவி செய்ய வருகிறவர்களைப் பதிந்துகொள்ள ஒரு நோட்டும் அதே மேஜையில் இருக்கட்டும். பெயர், ஊர், என்ன தெரியும், எந்த நாளில் எத்தனை மணி நேரம் வர முடியும் என்பது மட்டும் போதும். வயது என்ற கட்டமே வேண்டாம்.

இந்த நோட்டின் அருமை மழைக் காலத்தில் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அது இப்போது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 வரை நம் மாவட்டம்தான். இந்த மாதிரி நேரத்தில் மனசுக்கு நம் ஜனங்களிடம் பஞ்சமில்லை. ஆனால் பொட்டலம் எல்லாம் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற காலனிக்குப் போய்ச் சேராது. யாரிடம் டிராக்டர் இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும், யார் இருநூறு பேருக்குச் சமைப்பார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அந்த ராத்திரியில் ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

சில விஷயங்களை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பேரணியும் உறுதிமொழியும் டி-ஷர்ட்டும் வேண்டாம். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் ஐந்தாம் தேதி நட்ட கன்றுக்கு ஜூலையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்குப் பெயர் எழுதுங்கள், அது போதும். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் தன்னார்வலரை வைத்து ஒப்பேற்றவும் கூடாது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாவது கொடுத்தார்கள். தினமும் ரெண்டு மணி நேரம் வேலை வாங்கினால் அதற்கு ஊதியம் கொடுப்பதுதான் முறை. சிறு பிள்ளைகளோடு பழகப் போகிறவர்களுக்கு, நான் உட்பட, காவல்துறைச் சரிபார்ப்பு அவசியம். இதில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊருக்கு என்ன உதவி வேண்டும் என்று ஐந்தே வரியில் ஒரு பட்டியல் படிக்கும்படி ஆணையிடுங்கள். அதை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எழுத்தர் வாரத்தில் அரை நாள் உட்கார்ந்தால் போதும்.

என் பங்குக்கு ஒன்று. மழைக்கு முன்னால் எங்கள் ஒன்றியத்தில் உள்ள அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சுவிட்ச் போர்டு, எர்த், மின்கசிவு எல்லாம் பார்த்துத் தர நான் தயார், கூலி வேண்டாம். ஆனால் ஓய்வு பெற்ற ஒயர்மேன் பார்த்ததற்கு அவனே கையெழுத்துப் போட முடியாது. கூடவே வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் உதவிப் பொறியாளரையும், உள்ளே போக அனுமதிக் கடிதத்தையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒயர்மேன் ஒருவர்