கண்மாய் வேலையும் உன் பெரியப்பாவும்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிங்கப்பூர் வெயிலைப் பற்றி இனி நீ புலம்பக் கூடாது. சித்திரையில் காளையார்கோவில் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் பேசு.

ஊரார் கண்மாயைத் தூர்வாரும் படங்களைப் பார்த்து "ஊரே ஒன்னாயிடுச்சு" என்று எழுதியிருந்தாய். படத்தில் அப்படித்தான் தெரியும். முதல் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சில நாளிலேயே வெடித்தது. வண்டல் யாருக்கு முதலில், ஜேசிபி டீசல் யார் கணக்கில், எந்த மடையில் ஆரம்பிப்பது என்று கேப்டனும் ஒல்லியும் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஒல்லியைத் தெரியும்தானே, பத்தாம் வகுப்பில் விட்ட சண்டையை அங்கிருந்தே தொடங்கினான்.

தங்கச்சி மகள் எம்பிஏ படிக்கிறாள். இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது என்றாள். புரூஸ் டக்மன் என்பவர் 1965இல் எழுதினாராம்: ஒரு குழு முதலில் கூடும், பிறகு மோதும், பிறகு தனக்கென்று வழக்கங்களை வகுத்துக்கொள்ளும், அப்புறம்தான் வேலை ஓடும். 1977இல் கலைவதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார். அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் மனநலச் சிகிச்சைக் குழுக்கள் பற்றிய கட்டுரைகள். ஆனாலும் எங்கள் கரையில் நடந்தது அப்படியே அதுதான்.

ஒன்று மட்டும் நான் சொல்வேன். மோதல் தானாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடாது. வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் ஒருவர் எழுந்து, "கண்மாய் நிறைஞ்சாலும் எங்க வயலுக்குத் தண்ணி வராது, நாங்க ஏன் பணம் போடணும்?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக அவர்கள் மனதில் கிடந்த கேள்வியோ! அன்றைக்கே கடைமடைக்குப் போகும் மடையையும் வாய்க்காலையும் முதலில் சரிசெய்வதென்று முடிவானது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைமடைத் தெருவிலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள். வரவுசெலவை டீக்கடைச் சுவரில் தினமும் ஒட்டுகிறோம், டீசல் பேச்சு அதோடு நின்றது. ஊரார் கூடிக் கண்மாயைச் சரிசெய்யும் குடிமராமத்துக்கு வராதவர்கள்மேல் 1858இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். இன்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது மாப்ள. நம்பி வந்தால்தான் உண்டு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்மாய் ஆழமாகிவிட்டது, தண்ணீர் வரும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. சர்வேயர் அளந்து கல் நட்டுவிட்டார். உன் பெரியப்பா தோப்பு வேலி வரத்துக்காலுக்குள் நிற்கிறது. பையன்கள் ஜேசிபியை நேராக விட்டுவிடலாம் என்கிறார்கள், பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்று நாங்கள் இதை விட்டுவிட்டால், கடைமடைத் தெருவில் அப்புறம் எந்த முகத்தோடு போய் நிற்பது? மரங்களைத் தொட மாட்டோம், வேலியை மட்டும் கல்லுக்கு வெளியே நகர்த்த வேண்டும். செலவு குழுவுடையது.

நான் பேசினால் அவருக்குக் கோபம்தான் வரும். நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்குள் போன் போடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போடு, அப்போதுதான் காது மிஷினை மாட்டியிருப்பார்.

உன்
மச்சான்