ரெட் அலர்ட் நாளில் கடை ஏன் திறக்க மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு முதல் எங்கள் கடையில் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறோம். நீலகிரிக்கு ரெட் அலர்ட் விடுத்த நாளில் ஷட்டரைத் திறக்க மாட்டோம். தார்ப்பாய், கயிறு, தகர ஷீட், ஸ்க்ரூ எதுவும் அன்று எங்களிடம் கிடைக்காது. ஊருக்கே தார்ப்பாய் தேவைப்படும் நாளில் கடையை மூடுவதா என்று நெடுநாளாக வாங்குகிறவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாலை. மழையும் காற்றும் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தன. கடை சாத்தும் நேரத்தில் ஒருவர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். வீட்டுக் கூரையில் ஒரு ஷீட் பெயர்ந்து படபடவென்று அடிக்கிறது, பெரிய தார்ப்பாயாக ஒன்று கொடுங்கள் அண்ணே என்றார். கொடுத்தோம். கயிறும் அளந்து கொடுத்தோம். அவர் இருட்டில் கூரை ஏறி, தார்ப்பாயை விரித்த நிமிடத்தில் அதற்குள் காற்று புகுந்துவிட்டது. விரித்த தார்ப்பாய் என்பது பாய்மரம்தானே. அவரையும் சேர்த்து இழுத்துக் கீழே போட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். இன்றுவரை தோட்டத்து வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்த பில் எங்கள் கையெழுத்தில் இருக்கிறது. "இன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள், கூரையை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நினைப்பு இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

அதனால் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். வாங்க வேண்டியதை இப்போதே வாங்கிவிடுங்கள், கட்ட வேண்டியதை இப்போதே கட்டிவிடுங்கள். புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொன்ன கணக்கு நம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கேத்திக்கோ வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை.

பெரிய மழை என்றால் எவ்வளவு? வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை என்கிறது. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை, அதற்குத்தான் ரெட் அலர்ட். 2009 நவம்பரில் கேத்தியிலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. 2009-இல் நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் அதிகமானவர்கள் மண்சரிவில் போய்விட்டார்கள். அந்த வாரத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

புயல் கடலோரத்து விஷயம் என்ற எண்ணமும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, திண்டுக்கல் வரை வந்து கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது.

இனி கூரை. எங்கள் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதைவிட, மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். ஓரங்களும் மூலைகளும் முகடும் முதலில் பெயர்வது அதனால்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் விசை நான்கு மடங்காகும். போன வாரக் காற்றுக்குத் தாங்கிய கூரை இந்த வாரமும் தாங்கும் என்று நம்ப முடியாதது இதனால். வெயில் உள்ள ஒரு நாளில் ஏணி வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, ஓரத்து ஸ்க்ரூக்களை மட்டுமாவது பாருங்கள். தலை துருப்பிடித்திருந்தாலோ, வாஷர் வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஓரத்திலும் மூலையிலும் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள், நடுவில் கொஞ்சம் தள்ளி இருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூ நன்றாக இருந்தும் கூரை பறந்த வீடுகளைப் பார்த்திருக்கிறோம். ஷீட்டை பர்லினோடு, அதாவது அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு, பிடித்திருப்பார்கள், பர்லினைச் சுவரோடு பிடித்திருக்க மாட்டார்கள். ஷீட்டும் சட்டமும் சேர்ந்தே பறந்துவிடும். அந்த இடத்தில் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) போட்டு இறுக்குவதற்குச் செலவு மிகக் குறைவு.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கூரை மேல் கல்லும் பழைய டயரும் வைக்கும் பழக்கம் இருக்கிறது. கல் வேண்டவே வேண்டாம். ஷீட் ஆட ஆரம்பித்தால் அது உருண்டு கீழே நிற்பவர் தலையில்தான் விழும். வேறு வழியே இல்லையென்றால் மணல் மூட்டையை இரண்டு இரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டுக்கு இரு பக்கமும் தொங்கும்படி போடுங்கள். காற்று அடிக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கட்டும். காற்று பார்த்த பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். கொண்டி ஆடுகிறதா என்று இன்றே பாருங்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்கு வியாபாரம் எதுவும் இல்லை, ஒரு பி.வி.சி. குழாயைத் தவிர. வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் தண்ணீர் வடிய அதில் குழாய் இருக்கும். வேரும் சேறும் அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிடுங்கள். குழாயே வைக்காமல் கட்டிய சுவர் என்றால் ஒரு நல்ல மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டுங்கள். பின்னால் தேங்கும் தண்ணீரின் பாரத்தில்தான் அந்தச் சுவர்கள் சாய்கின்றன. தரையில் புதிதாக வெடிப்பு, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இறுகிப்போவது, சாய்ந்த மின்கம்பம், வயிறு தள்ளிய சுவர், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பொழுது இருக்கும்போதே சொந்தக்காரர் வீட்டுக்கோ முகாமுக்கோ போய்விடுங்கள். நம் மாவட்டத்தில் அபாயப் பகுதி என்று நிர்வாகம் கண்டறிந்து வைத்திருக்கும் இடங்கள் 283. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள், சுவரிலும் எழுதி வையுங்கள். கரண்ட் போனால் போன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர். வாடகைக்கு எடுப்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம், இங்கேயும் சொல்கிறோம். வீட்டுக்குள்ளோ, திண்ணையிலோ, ஜன்னலோரமாகவோ வைக்கக் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிருக்காக அறைக்குள் வைக்கும் கரி அடுப்பும் அதே விஷத்தைத்தான் கக்குகிறது. காற்றுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திய ராத்திரியில் தணல் சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னொரு கம்பளி போர்த்திவிடுங்கள். ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பதும் கூடவே கூடாது. அந்தக் கரண்ட் வெளி லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் தர மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மழை விட்ட மறுநாளையும் நம்ப வேண்டாம். ஊறிய மண்ணில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) சின்னக் காற்றுக்கே சாயும். வண்டியை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். அறுந்து கிடக்கும் ஒயரில் கரண்ட் இருக்கிறது என்றே நினைத்துப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணுக்குச் சொல்லுங்கள். விழுந்த மரத்தை அறுக்கச் செயின்சா வாடகைக்குக் கேட்டால், அதில் பழகியவருக்கு மட்டும்தான் கொடுப்போம். வளைந்து கிடக்கும் மரம் வில் மாதிரி, அறுத்த நொடியில் எகிறி அடிக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி கடைசி வரை தார்ப்பாய், கயிறு, ஸ்க்ரூ, ஜி.ஐ. கம்பி எதற்கும் விலை ஏற்ற மாட்டோம். தேயிலை விற்ற பணம் வரவில்லை என்பவர்கள் கணக்கில் எழுதி எடுத்துப் போங்கள், தை பிறந்ததும் கொடுத்தால் போதும். பிரிக்காத தார்ப்பாயைத் திருப்பிக் கொண்டுவந்தால் முழுப் பணமும் உண்டு. ஏணி இல்லாதவர்கள் எங்கள் ஏணியை வாடகை இல்லாமல் ஒரு நாள் எடுத்துப் போகலாம். காலை எட்டு மணிக்கே கடை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும்.

வரும்போது உங்கள் கூரையிலிருந்து பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி எடுத்து வாருங்கள். அளவு பார்த்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஹார்டுவேர் கடையினர்,
குன்னூர்