ஃபோர்ஜ்டு முத்திரையை மட்டும் பார்த்து அயர்ன் வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கோல்ஃப் கட்டுரை, 'ஃபோர்ஜ்டு அயர்ன் கைதேர்ந்தவர்களுக்கு, வார்ப்பு அயர்ன் கற்றுக்கொள்பவர்களுக்கு' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. (அயர்ன் என்பது எஃகு ஹெட், அதாவது எஃகுத் தலை, வைத்த கோல்ஃப் மட்டை; ஃபோர்ஜ்டு என்றால் அடித்துச் செய்தது.) நாற்பது வருடங்களுக்கு முன் அது ஓரளவு பொருந்தியிருக்கும். இன்று அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் ஒன்று வீறாப்புக்காகத் தன் ஆட்டத்துக்கு ஒத்துவராத மெல்லிய பிளேடை (முதுகு குடையாத, தட்டையான ஹெட் உள்ள அயர்னை) வாங்குவார். இல்லையென்றால் தனக்கு நன்றாகவே உதவக்கூடிய ஃபோர்ஜ்டு செட்டை 'அது நமக்கு எதற்கு' என்று ஒதுக்கிவிடுவார். இரண்டும் காசுக்கு நஷ்டம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபோர்ஜ்டு முத்திரை, ஹெட் எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. கார்பன் குறைந்த எஃகு உருளையை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, அச்சில் வைத்து இயந்திரச் சம்மட்டியால் அடிப்பார்கள். விளிம்பில் பிதுங்கியதை வெட்டி எறிந்து, மறுபடி அடித்து, சாணை பிடித்து, பந்தில் படும் முகத்தில் குரூவ் (வரிப்பள்ளம்) அறுத்து, பெரும்பாலும் நிக்கல், குரோம் முலாம் பூசுவார்கள். வார்ப்பு அயர்ன் வேறு வழியில் பிறக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் பீங்கான் கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய எஃகை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் காலங்காலமாகச் செய்துவரும் அதே மெழுகு வார்ப்புதான். வண்டல் மண்ணுக்குப் பதில் பீங்கான், பஞ்சலோகத்துக்குப் பதில் பெரும்பாலும் 17-4 வகைத் துருப்பிடிக்காத எஃகு. முறையளவில் ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பிறகு ஏன் அந்தப் பிரிவினை வந்தது? 1960களின் பிற்பகுதியிலிருந்து பிங் என்ற கோல்ஃப் மட்டை நிறுவனத்தின் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம், ஹெட்டின் எடையை நடுவிலிருந்து விளிம்புகளுக்குத் தள்ளி, முதுகுப்பக்கத்தைக் குடைந்துவிட்ட அயர்ன்களைப் பரப்பினார். அந்த மாதிரி சிக்கலான வடிவத்துக்கு வார்ப்பே வசதி. அடித்துச் செய்தவை பழைய பிளேடு வடிவத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஆக, தவறிய அடியை மன்னித்தது குடைந்த வடிவம். பெயர் போனது வார்ப்புக்கு. இன்று குடைந்த முதுகுள்ள ஃபோர்ஜ்டு அயர்ன் பெரும்பாலான நிறுவனங்களிடம் இருக்கிறது. உள்ளே வெற்றிடம் விட்டு நுரை நிரப்பிய டெய்லர்மேட் நிறுவனத்தின் பி790 அயர்ன் மீதும் 'ஃபோர்ஜ்டு' என்றுதான் பொறித்திருக்கிறது. அதற்கும் ஒரே துண்டு எஃகில் அடித்த மெல்லிய பிளேடுக்கும் பந்தில் நடக்கும் விளைவில் துளி ஒற்றுமை கிடையாது. ஆகவே கடையில் முதல் கேள்வி: அடித்துச் செய்தது முழு ஹெட்டா, முகத்தகடு மட்டுமா?

அடுத்து, 'வெண்ணெய் மாதிரி அடி' என்ற புகழ். பெட்டியில் 1020, 1025, எஸ்20சி, எஸ்25சி என்று எண்கள் இருக்கும். 1020 என்றால் சுமார் 0.20 சதவீதம் கார்பன், 1025 என்றால் சுமார் 0.25, ஜப்பானிய எண்களுக்கும் அதே கணக்கு. இந்த 0.05 சதவீதத்தைக் கையால் உணர்கிறேன் என்பவரை நான் நம்பமாட்டேன். பந்து முகத்தில் தங்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. நாம் 'ஃபீல்' என்று சொல்வதில் பெரும்பகுதி காதில் விழும் ஓசை. சந்தேகம் இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு செட்டையும் அடித்துப் பாருங்கள், பாதி வித்தியாசம் காணாமல் போகும். ஓசையை முடிவுசெய்வது முகத்துக்குப் பின்னால் எவ்வளவு எஃகு இருக்கிறது என்பது. எந்த முறையில் செய்தார்கள் என்பது அதற்கு அப்புறம்தான். 'ஒரே துண்டு' என்ற விளம்பரமும் அப்படித்தான். ஜப்பானிய நிறுவனமான மிசுனோ தன் ஹிரோஷிமா ஃபோர்ஜிங்கில் ஹோஸல் (ஷாஃப்ட், அதாவது தண்டு, செருகும் கழுத்து) உட்பட எல்லாவற்றையும் ஒரே உருளையிலிருந்து எடுக்கிறது. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான மியூரா ஹெட்டைத் தனியாக அடித்து, ஹோஸலைச் சுழற்றி உராய்வுச் சூட்டில் பற்றவைக்கிறது. இரண்டுக்கும் உலகெங்கும் மதிப்பு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஃபோர்ஜ்டு வாங்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதைத்தான் தங்கள் கட்டுரை தொடவே இல்லை: மிருதுவான கார்பன் எஃகு வளையும். லை (தண்டு தரையோடு செய்யும் கோணம்), லாஃப்ட் (முகம் பின்னோக்கிச் சாயும் கோணம்) இரண்டையும் 2 டிகிரி வரை கவலையில்லாமல் மாற்றலாம். தேர்ந்த கை 3 டிகிரிகூடக் கொண்டுபோகும். 17-4 எஃகு முரண்டு பிடிக்கும், சில சமயம் ஹோஸலே முறியும். அதற்காக வார்ப்பில் லை மாற்றவே முடியாது என்று எண்ண வேண்டாம். பிங் தன் வார்ப்பு அயர்ன்களின் ஹோஸலில் வளைப்பதற்கென்றே ஒரு வெட்டு கொடுத்து, தொழிற்சாலையிலேயே ஆளுக்கேற்றபடி வளைத்து, நிறப்புள்ளி வைத்து அனுப்புகிறது; கறுப்புப் புள்ளி என்றால் அவர்களுடைய இயல்பான லை. ஆனால் உள்ளூரில் ஒரு மெஷினில் மாட்டி, அடித்துப் பார்த்து, மறுபடி அரை டிகிரி திருத்தும் வசதி ஃபோர்ஜ்டில்தான் தாராளம்.

லை ஏன் இவ்வளவு முக்கியம்? அடிக்கும் கணத்தில் ஹெட்டின் நுனி (ஹோஸலுக்கு எதிர்முனை) தூக்கிக்கொண்டிருந்தால், அதாவது லை அதிக நிமிர்வாக இருந்தால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். நுனி தரையில் புதைந்தால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக்கூட இந்தத் திருப்பமும் கூடும். லாஃப்ட் குறைந்த 4 அயர்னைவிட, லாஃப்ட் கூடிய குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜில் அதே ஒரு டிகிரிப் பிசகு அதிகம் தெரியும். கையில் வெட்ஜ், கிரீன் (குழி இருக்கும் சீரான புல்தரை) எதிரிலேயே, ஆனாலும் பந்து எப்போதும் இடப்பக்கமே விழுகிறது என்றால் ஸ்விங்கைக் குறைசொல்லும் முன் லையைப் பாருங்கள்.

பார்ப்பது சுலபம். வெள்ளைப் பலகைக்கான மார்க்கரால் பந்தின்மேல் தடித்த கோடு ஒன்று போடுங்கள். கோடு செங்குத்தாகவும் அயர்னின் முகத்தைப் பார்த்தும் இருக்கும்படி பந்தைத் தரையில் வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் மைக்கோடு குரூவ்களுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்தால் லை நிமிர்வு, ஹோஸல் பக்கம் சாய்ந்தால் லை தட்டை. ஒரு கோட்டை வைத்து முடிவுக்கு வராமல் ஐந்தாறு அடித்துப் பாருங்கள். உயரத்தையும் மணிக்கட்டு முதல் தரை வரையிலான அளவையும் வைத்துச் சொல்லும் அட்டவணை தொடக்கத்துக்குத்தான்; அடிக்கும்போது கை எவ்வளவு எழுகிறது என்று அட்டவணைக்குத் தெரியாது.

வளையும் எஃகு தானாகவும் வளையும் என்பது இதன் மறுபக்கம். பயிற்சி ரேஞ்சின் கெட்டியான செயற்கைப் புல் விரிப்பில் நாள்தோறும் அடிப்பவரின் ஃபோர்ஜ்டு செட் வருடத்தில் ஒரு டிகிரி நகர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. வருடம் ஒருமுறை அளந்துவிட வேண்டும். ஆனால் முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஹோஸல் தளரும், முலாமும் விரியும்.

லாஃப்ட்தான் அதிகம் பேர் ஏமாறும் இடம். பழைய முறை 7 அயர்ன் 34 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் 46 அல்லது 47. இன்று 'தூரம்' என்று விற்கும் செட்டுகளில் 7 அயர்ன் 28, 29 டிகிரிக்கு வந்துவிட்டது. அது பழைய 5½ அயர்ன். கடையில் பத்து யார்டு கூடப் போனதற்கு அதுவே பெரும்பகுதிக் காரணம். அந்த செட்டின் பிட்சிங் வெட்ஜ் 42, 43 டிகிரியில் நிற்கும். பையில் உள்ள சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 13, 14 டிகிரி ஓட்டை. அதை அடைக்க ஒன்றிரண்டு வெட்ஜ் கூடுதலாக வேண்டும், 14 கிளப்புக்கு மேல் வைக்க விதியும் விடாது. எனவே 7 அயர்ன் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்பதோடு எத்தனை டிகிரி என்றும் கேளுங்கள்.

வேகம் குறைந்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தின் பறப்பை அளக்கும் கருவி நிறுவனமான டிராக்மேன் நீண்ட காலம் வெளியிட்டுவந்த சராசரி அட்டவணைப்படி, ஆண்களின் தொழில்முறைப் பிஜிஏ டூரில் 7 அயர்னின் ஹெட் மணிக்கு 90 மைல் வேகத்தில் வர, பந்து 172 யார்டு பறந்து, 50 டிகிரியில் இறங்குகிறது. பெண்களின் எல்பிஜிஏவில் 76 மைல், 141 யார்டு, 47 டிகிரி. நம் கிளப் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டாவது கணக்குக்குத்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் லாஃப்டைக் குறைத்தால் பந்து தாழப் போய், தட்டையாக இறங்கி, கிரீனின் பின்னால் ஓடிவிடும். திரையில் மொத்தத் தூரத்தைப் பார்த்து மகிழாமல் இறங்கும் கோணத்தைக் கேளுங்கள். 45 டிகிரிக்குக் கீழே போனால் அந்த 7 அயர்ன் கிரீனில் நிற்க அடம்பிடிக்கும்.

சோல் (ஹெட்டின் அடிப்பகுதி) அகலத்தை விற்பனையாளர் யாரும் பேசுவதில்லை. கோடையில் நம் தரை காய்ந்து கெட்டிப்படும்; அகலமான சோல் அங்கே துள்ளி, பந்தின் நடுவயிற்றில் முகத்தின் அடிவிளிம்பு படும். வடகிழக்குப் பருவமழையில் அதே தரை சேறு. மெல்லிய சோல் மண்ணில் ஆழமாக இறங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் ஆடுபவருக்கு ஈரத் தரையே பாதி வருடம். பொதுவாகச் செங்குத்தாக இறங்கி ஆழமான டைவட் (புல்கட்டி) பெயர்த்து எடுப்பவருக்கு அகலமும் பவுன்ஸும் (சோல் முன்விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சாயும் கோணம்), புல்லை மட்டும் சீவிச் செல்பவருக்கு மெல்லிய சோலும் பொருந்தும். இங்கே ஒரு எச்சரிக்கை: லாஃப்டை ஒரு டிகிரி குறைத்து வளைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும். தூரத்துக்காக செட் முழுவதையும் 2 டிகிரி குறைக்கச் சொல்பவர்கள், மழை வந்ததும் அயர்ன் மண்ணைத் தோண்டுகிறது என்று திரும்பி வருவார்கள்.

பிளேடா, கேவிட்டியா (குடைந்த முதுகா) என்பதை ஹேண்டிகேப் எண்ணை (குறையக் குறையத் திறமை கூடுதல் என்று காட்டும் கணக்கை) வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பட்டிங்கில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதில்) மன்னனாக இருந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தவர் உண்டு. முகத்தில் பந்து பட்ட இடத்தைக் காட்டும் இம்பாக்ட் ஸ்டிக்கர் ஒட்டி, புல்தரையில், 7 அயர்னில் 12 பந்து அடியுங்கள். தடங்களில் ஒன்பது, பத்தை ஓர் ஐந்து ரூபாய் நாணயம் மூடிவிட்டால் எந்த ஹெட்டும் உங்களுக்குச் சரி, பிடித்ததை வாங்குங்கள். நுனியும் ஹோஸலுமாகச் சிதறினால் குடைந்த முதுகு வேண்டும். மோசமான அடிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்; தூக்கி எறிந்த அந்த மூன்று பந்துகளில்தான் இரண்டு செட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. செயற்கைப் புல் விரிப்பில் அடித்துத் தேர்வு செய்வதும் வீண், பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் சோல் வழுக்கி நல்ல அடி போலக் காட்டும். 4, 5 அயர்னை உள்வெற்றிட ஹெட்டிலும் 8 முதல் வெட்ஜ் வரை உள்ளவற்றைக் கேவிட்டி அல்லது பிளேடிலும் கலந்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களே செய்கிறார்கள். லாஃப்ட் இடைவெளியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டைப் பற்றிச் சுருக்கமாக: விறைப்பைக் குறிக்கும் எஸ், ஆர் என்ற எழுத்துக்கு நிறுவனங்களுக்கிடையே பொது அளவு கிடையாது, எடையைப் பாருங்கள். டைனமிக் கோல்டு எஸ்300 சுமார் 130 கிராம், என்எஸ் ப்ரோ 950 சுமார் 95 கிராம். பதினான்காவது ஹோலில் கை தளர்ந்து பந்து வலப்பக்கம் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் முன்னதை வீண் பெருமைக்காகச் சுமக்கிறீர்கள். அரை அங்குல நீளம் கூட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தோன்றும் என்ற அளவு) மூன்று புள்ளி ஏறும், லையும் ஒரு டிகிரி நிமிர்ந்ததுபோல் நடந்துகொள்ளும். நீளத்தை மாற்றியபின் லையை மறுபடி அளக்க வேண்டும்.

பழைய செட் வாங்குபவர்கள் ஹோஸலைச் சுற்றி முலாம் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் பலமுறை வளைத்தது. 8, 9 அயர்னின் குரூவ் விளிம்பு நகத்தில் தட்டாமல் வழுவழுப்பாக இருந்தால் தேய்ந்துவிட்டது. போலிக்குக் காந்தம் ஒரு முதல் சோதனை: காந்தம் ஒட்டவில்லை என்றால் அது கார்பன் எஃகு இல்லை, துத்தநாகக் கலவையாக இருக்கலாம். ஒட்டினால் அசல் என்று அர்த்தமில்லை, மலிவான வார்ப்பு எஃகும் ஒட்டும். ஒரு ஹெட்டுக்கும் அடுத்ததற்கும் எடை ஏறத்தாழ 7 கிராம் சீராகக் கூடிக்கொண்டே போகிறதா என்று ஷாஃப்ட் கழற்றும்போது நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2010 ஜனவரி 1க்கு முன் செய்த சில அயர்ன்களின் குரூவ்கள் பெரிய போட்டிகளின் வரையறைக்குள் வராது. போட்டி ஆடுபவர் முன்கூட்டியே அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, கடலோர ஊர்க்காரர்களுக்கு. முலாம் இல்லாத 'ரா' ஃபோர்ஜ்டு ஹெட் சென்னையில் சில நாட்களிலேயே செம்பழுப்பாகும். மேலோட்டமான துரு ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் ஈர உறையைப் போட்டு மூடி, கார் டிக்கியில் வைத்தால் குரூவுக்குள் அரிக்கும். ஆட்டம் முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு கை தடவினால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம்.

இப்படிக்கு,
கோல்ஃப் கிளப் ஃபிட்டிங், பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னை